போட்டோ வருவதற்கு முன் கிளம்பிப் போன ஜெகனுக்கு

என் ஜெகன்,

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மித்து தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. இன்றைக்கு அவள் தூங்கவும் நேரமாகிவிட்டது. எதிரே வீடு கட்டாமல் கிடக்கிற சைட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் தவளைகள் போடுகிற சத்தம் ஒன்றொன்றும் ஒரு மாதிரி இருக்கிறதாம். "இது யாரும்மா? இப்ப கத்துனது யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு என்ன தெரியும்? "எல்லாம் தவளைதான், கண்ண மூடு" என்றேன். நீ இருந்திருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவளையும் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பாய். நான் மேலே நின்று கத்தியிருப்பேன்.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனால் உங்கள் பாம்பு மீட்கிறவர்கள் குரூப்பில் போடப் போகிறேன். உன் போன் என்னிடம்தானே இருக்கிறது, அந்த குரூப்பில் இன்னும் உன் பெயர்தானே இருக்கிறது. எல்லோரும் படிக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: ஜெகன் என் புருஷன். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் மெக்கானிக். மீதி நேரமெல்லாம், மழைக்காலத்தில் மீதி இல்லாத நேரமும்கூட, யார் வீட்டில் பாம்பு வந்தாலும் பிடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோய் விடுகிறவன். போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, காக்ஸ் டவுனிலிருந்து வந்த அழைப்புக்குப் போகும் வழியில், மழையில் முறிந்த குல்மோகர் கிளை விழுந்து இறந்து போனான். இதுவரைக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாததும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது, ஜெகன். உனக்குப் பிடித்த மழை. மாடிப்படிச் சுவர் முழுக்க பெரிய பெரிய நத்தைகள். மித்து ஒவ்வொன்றையும் எண்ணிக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஸ்கூலுக்கு இறங்குகிறாள். போன வாரம் அவள் போன பிறகு நான் ஒரு பாக்கெட் உப்பை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றின் மேலும் கொட்டினேன். நுரைத்து நுரைத்துச் செத்தன. சாயங்காலம் "நத்தைங்கள்லாம் எங்கம்மா?" என்றாள். "ஊருக்குப் போயிடுச்சு" என்றேன். உனக்குக் கோபம் வருகிறதா? வரட்டும்.

டியூப் லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தால் லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருகிறேன். அவளுடைய ஷூவைத் தட்டுகிறேன், கவிழ்த்துத் தட்டுகிறேன், பென்சிலை விட்டுக் குடைகிறேன், அப்புறம்தான் போட்டுவிடுகிறேன். பாத்ரூமில் தண்ணீர் போகிற ஜாலி மேல் செங்கல். ராத்திரி மூன்று முறை எழுந்து கட்டிலுக்கு அடியில் பார்க்கிறேன். மழை என்றால் எனக்கு இப்போது இவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை நானும் உன்னோடு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கல்யாணமான முதல் மழைக்காலம். ஆறடிச் சாரைப்பாம்பைப் பையில் கட்டி என் மடியில் கொடுத்துவிட்டு வண்டி ஓட்டினாய். பைக்குள் அது மூச்சு விடுவது என் தொடையில் தெரிந்தது. ஏரிக்கரையில், தூறலில், நாணல் பக்கம் பையை அவிழ்த்தாய். அது உடனே ஓடவில்லை. தலையைத் தூக்கி மழையை நாக்கால் தொட்டுப் பார்த்தது. அப்புறம் தண்ணீர் மேலேயே கோடு போட்ட மாதிரி போயிற்று. மேலே நீர்க்காகங்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. நான் உன் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். "எவ்ளோ அழகா போவுது பாரு" என்றாய். அழகாகத்தான் இருந்தது. அந்த ஒரு சாயங்காலத்தை நம்பி நான் ஐந்து வருஷம் உன்னை எல்லா மழைக்கும் அனுப்பினேன்.

உன் போன் நிற்கவே இல்லை. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் அடித்தது. உன் நம்பரை எத்தனை அப்பார்ட்மென்ட் லிஃப்டில் ஒட்டி வைத்திருக்கிறாய்! நீயே ரிப்பேர் செய்த லிஃப்ட், நீயே ஒட்டிய ஸ்டிக்கர். யாரும் கிழிக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். ஆளுயர பேனர், மாலை, உன் கழுத்தில் மலைப்பாம்பு போட்ட படம். "நம்பரை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். பேனரை மட்டும்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அதனால் நான்தான் எடுக்கிறேன். விவரம் கேட்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு என் போனிலிருந்து சொல்கிறேன். கூப்பிடுகிறவர்களை நீ எப்படி சேவ் செய்து வைப்பாயோ அப்படியே இருக்கிறது. 'ரிச்சர்ட்ஸ் டவுன் வாஷிங் மிஷின்', 'தோபி காட் செருப்பு ஸ்டேண்ட்', 'பூஜை ரூம் பாட்டி'. ஆட்களுக்குப் பேரே கிடையாது, பாம்பு இருந்த இடம்தான் பேர். முன்பெல்லாம் இதைப் படித்துப் படித்துச் சிரிப்போம்.

இன்று மத்தியானம் உன் போன் அடித்தது. திரையில் 'காக்ஸ் டவுன் பாத்ரூம்'.

அந்தப் பேரை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நீ கடைசியாக சேவ் செய்த பேர் அது. ஒரு வருஷமாக நான் திட்டாத நாளில்லை. முகம் தெரியாது, பேர் தெரியாது. ஆனாலும் என் கனவில் அந்தம்மாவுக்கு ஒரு முகம்கூட வந்துவிட்டது. எடுத்தேன்.

"ஹலோ, ஸ்நேக் ஜெகனா?"

"அவர் வீட்ல இருந்து பேசறேன். சொல்லுங்க."

"ஏம்மா, போன வருஷமும் போன் பண்ணோம். இதோ வரேன்னாரு, ஆளே வரல. மூணு மணி நேரம் பாத்ரூம் கதவ சாத்திட்டு உக்காந்திருந்தோம். கடைசில எங்க வீட்டுக்காரரு ஃபினாயில ஊத்தித்தான் கொன்னாரு. வர முடியலன்னா முடியலன்னு சொல்லிடணும் இல்ல? இந்த வாட்டியாவது வருவாரா?"

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். குக்கர் விசில் வந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. 'உன் பாத்ரூமுக்கு வரத்தான் கிளம்பினான். வழியிலேயே போய்ச் சேர்ந்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்த வார்த்தை. ஆனால் பின்னால் ஒரு குழந்தை "அம்மா, அது நகருது!" என்று கத்தியது. என் வாயிலிருந்து வந்தது உன்னுடைய வார்த்தை.

"போட்டோ எடுத்து அனுப்புங்க. பக்கத்துல ஏதாவது பொருள் தெரியற மாதிரி. கிட்ட போவாதீங்க, தூர நின்னு ஜூம் பண்ணுங்க."

"ஆளு வரட்டும், அப்புறம் போட்டோ எல்லாம்…"

"போட்டோ வந்தாதான் ஆளு வரும்."

வந்தது. பழைய சாட்டிலேயே வந்து விழுந்தது. மேலே போன வருஷத்துப் படம் அப்படியே இருக்கிறது, ஜெகன். பாத்ரூம் ஜாலிக்குப் பக்கத்தில் மண்புழு கனத்தில் கறுப்பாக ஒன்று, அளவுக்கு ஒரு டூத்பிரஷ். புழுப்பாம்பு. எறும்பு முட்டையும் கறையான் முட்டையும் தின்றுவிட்டு மண்ணுக்குள் கிடக்கிற ஜீவன், மழைத்தண்ணீர் நிரம்பினால் மேலே வரும், கடிக்க வாயே போதாது. நீதான் சொல்லிக் கொடுத்தாய். அதற்குக் கீழே அன்றைக்கு அந்தம்மா அனுப்பியவை. 'வந்துட்டிருக்கீங்களா?' 'ஹலோ?' 'சார்???' அதற்குக் கீழே இன்றைய படம். செருப்பு ஸ்டேண்டின் கீழ்த்தட்டு, ஒரு சின்ன ஸ்கூல் ஷூ, ஷூவை ஒட்டி ஓரடி நீளத்தில் தலையைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக விரித்தபடி ஒரு குட்டி.

இந்த முறை நல்ல பாம்பு.

என் போனில் உன் குரூப் இம்ரானைக் கூப்பிட்டேன். ஃப்ரேசர் டவுனில் இருந்தான். வெளியே மழை வானமே உடைந்த மாதிரி.

"பாபி, சொல்லுங்க பாபி." அவனுக்கு நான் இன்னும் அண்ணிதான்.

"இம்ரான், காக்ஸ் டவுன்ல ஒரு கால். போட்டோ அனுப்பறேன், பாரு…"

"போட்டோல்லாம் எதுக்கு பாபி, அட்ரஸ சொல்லுங்க. ஹெல்மெட் மாட்டிட்டேன்."

"பாத்துட்டு கிளம்பு. பையும் பைப்பும் எந்த சைஸ்னு…"

"அரே பாபி!" என்று சிரித்தான். "ஜெகன் பாய் பாத்தாரா போட்டோ? கால் வந்துச்சா, வண்டிய எடு. அதானே நம்ம ரூல் இப்போ. குரூப்ல எல்லாரும் அப்படித்தான் போறோம், அவரு பேரச் சொல்லி."

அட்ரஸைச் சொன்னேன். வேறு என்ன செய்ய? அங்கே குழந்தை இருக்கிறது.

அப்புறம் நாற்பது நிமிஷம். ஒரு காதில் மழை, ஒரு காதில் அந்தம்மா. குழந்தையை உள்ரூமில் விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன், கதவுக்கு அடியில் டவல் அடைக்கச் சொன்னேன். பாம்பை விட்டுப் பார்வையை எடுக்காதீர்கள், கண்ணை எடுத்தால் வீடு முழுக்கத் தேட வேண்டும் என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு மாப் கட்டைய வெச்சிட்டு நிக்கறாரு."

"கீழ போடச் சொல்லுங்க."

"ஏங்க, கட்டைய கீழ போடணுமாம்."

தூரத்தில் ஓர் ஆண் குரல். "நான் கீழ போட்டா அது எடுத்து என்னைய அடிக்கும், சொல்லு அவங்ககிட்ட."

"அசையாம நின்னா ஒண்ணும் பண்ணாது, அதுக்கும் பயந்தான்னு சொல்லுங்க."

"அதுக்கு பயமாம்ங்க!"

"எனக்கு மட்டும் என்ன, குஷியா?"

சிரித்தேனா? சிரித்தேன் போலிருக்கிறது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தம்மா குரல் தேய்ந்துவிட்டது. "போன வெச்சிடாதீங்கம்மா. காலைல அந்த ஷூவ நான் உதறாமத்தான் போட்டுவிட்டேன்…" என்று அழுதார். நான் வைக்கவில்லை. யாரைச் சாகச் சொல்லித் தினமும் சபித்தேனோ அவருக்கு, 'மூச்ச இழுத்து விடுங்க, இதோ வந்துடுவாரு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன 'வந்துடுவாரு' இம்ரானைப் பற்றித்தான். ஆனால் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? இம்ரான் எந்த ரோட்டில் வருகிறான், அந்த ரோட்டில் எத்தனை மரம்?

வந்துவிட்டான். தொப்பலாக நனைந்து வந்தான் என்று அந்தம்மா சொன்னார். பைப்பைத் தரையோடு வைத்தான், குட்டி பொந்து என்று நினைத்துத் தானே உள்ளே போயிற்று, பையை முறுக்கிக் கட்டினான். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தம்மா மறுபடி லைனுக்கு வந்தார். "ரொம்ப தேங்க்ஸ்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, போன வருஷத்துக்கு எனக்குக் கோவமெல்லாம் இல்லன்னு. பாவம், மழைல எங்கயாவது மாட்டியிருப்பாரு."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன், ஜெகன். அவருக்கு உன்மேல் கோபம் இல்லையாம்.

இப்போது குரூப்புக்கு. அன்றைக்கு நடந்ததை நீங்கள் எப்படி எழுதிக்கொண்டீர்கள்? 'போட்டோவுக்குக்கூடக் காத்திருக்காமல் உயிரைக் காப்பாற்ற ஓடியவர்.' பேனரிலும் அதுதான். நான் அதைப் படித்தேன், அதன் கீழே நின்று படமும் எடுத்துக்கொண்டேன். அது பொய்.

ஜெகன் போட்டோ வராமல் வண்டியை எடுத்ததே கிடையாது. வருகிற அழைப்பில் பாதி பாம்பே இல்லை என்பான். தோட்டத்து ஹோஸ் பைப்புக்குப் போயிருக்கிறான், ரப்பர் பொம்மைக்குப் போயிருக்கிறான், உரித்துப்போட்ட சட்டைக்குப் போயிருக்கிறான். அதற்கப்புறம்தான் அந்த ரூலைப் போட்டுக்கொண்டான். முதலில் போட்டோ, பக்கத்தில் ஒரு பொருள், பார்த்துவிட்டு அப்புறம் ஹெல்மெட். சாப்பிடும்போது கால் வந்தால் போட்டோ வருகிற வரைக்கும் சாப்பிடுவான். அன்றைக்கும் அப்படித்தான் பால்கனியில் நின்றான். போன் திரையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "ரெண்டு நிமிஷம் ரேவதி, போட்டோ வரட்டும். ஒண்ணும் இல்லன்னா டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றான்.

மித்துவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஐந்து மணிக்கு டாக்டர். கூட வருகிறேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். நான் அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை. கதவை மறித்துக்கொண்டு கத்தினேன். என்னவென்று? இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. "ஊர்ல இருக்கற பாம்புக்கெல்லாம் நீ அப்பன். எம்பொண்ணுக்குத்தான் அப்பன் இல்ல" என்றேன்.

நீ ஹெல்மெட்டை எடுத்தாய். "போட்டோவ வழில பாத்துக்கறேன்" என்று படி இறங்கினாய். நீ போய் மூன்று நிமிஷத்தில் அந்தப் படம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் போனை என் கையில் கொடுத்தபோது நேரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம், ஜெகன். வீட்டில் இருந்து பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "ஒரு பேப்பர்ல எடுத்து செடியாண்ட விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மித்துவைத் தூக்கியிருப்பாய்.

வீரத்துக்காகப் போகவில்லை. என் வாய்க்குப் பயந்து போனாய். அதை மறைக்க உன் பேனர் எனக்கு வசதியாக இருந்தது. நீ தியாகி என்றால் நான் தியாகியின் பெண்டாட்டி. நீ சண்டையில் கிளம்பியவன் என்றால் நான் யார்?

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் திருப்பிக் கத்தவில்லை? ஒரு சண்டையை முழுசாகப் போட்டிருந்தால் மூன்று நிமிஷம் ஓடியிருக்குமே? எல்லா வீட்டிலும் புருஷன் பெண்டாட்டி கத்திக்கொள்வதில்லையா? பாம்புக்கு முன்னால் அவ்வளவு பொறுமையாக நிற்கிறவனுக்கு என் முன்னால் நிற்க முடியவில்லையா?

நான் சும்மா இருந்த ஒரு வருஷத்தில் உன் ஆட்கள் என்ன செய்திருக்கிறார்கள் பார். என் வாயால் வந்த வினையை எடுத்து ரூல் ஆக்கிக்கொண்டார்கள். உன் பேரைச் சொல்லி, கொட்டுகிற மழையில், என்ன பாம்பு என்றுகூடத் தெரியாமல் வண்டியை எடுக்கிறார்கள். இன்றைக்குப் பாம்பு நிஜம். நாளைக்கு அது ஹோஸ் பைப்பாக இருக்கும், மரம் நிஜமாக இருக்கும். இம்ரான் பெண்டாட்டிக்கு ஏழாவது மாதம். சாயங்காலம் அவன் குரலைக் கேட்கிற வரைக்கும் நான் சாப்பிடவில்லை. பாம்பை ஏரிப் பக்கம் விட்டுவிட்டேன் பாபி, சூப்பரா போச்சு என்றான். நீ சொல்கிற அதே குரலில்.

ஆகவே உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இந்த மழை முடிகிற வரைக்கும் உன் போனை சார்ஜ் இறங்க விடமாட்டேன். அடித்தால் எடுப்பேன். ஆனால் போட்டோ என் கண்ணில் படாமல், கிளம்புகிறவன் அதைப் பார்த்து என்ன பாம்பு என்று எனக்குச் சொல்லாமல், இனி ஒருத்தனுக்கும் அட்ரஸ் கொடுக்க மாட்டேன். அழுதாலும் கொடுக்க மாட்டேன். காக்ஸ் டவுன் அம்மாவிடம் எதையும் சொல்லவும் மாட்டேன். சொல்ல வேண்டும் என்று இன்னும் நாக்கு துடிக்கிறது. ஆனாலும் மாட்டேன்.

குரூப்பில் இருக்கிறவர்களுக்கு: என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள், தனியாக வேண்டாம், எல்லோர் முன்னாலும் திட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால், 'போட்டோ பார்க்காமல் கிளம்ப மாட்டேன்' என்று அவரவர் பேரைப் போட்டு ஒரு வரி எழுதுங்கள். இம்ரான், நீ முதலில். காலையிலும் மழை இருக்கும், போன் அடிக்கும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உன் பெண்டாட்டி, மித்துவின் அம்மா,
ரேவதி
ஆஸ்டின் டவுன்